வடக்கே சூலம்

ரொறொன்ரோ விமானநிலையத்துக்கு என்னை ஏற்ற வந்த அத்தான், எத்தனை நாள் நிற்பாய் என்று கேட்டார். ஒரு கிழமை நின்றுவிட்டு வடக்கே பனிக்கரடி வேட்டைக்குப் போகிறேன் என்றேன். கார்த் திறப்பை விரலில் சுழற்றிக்கொண்டிருந்தவர் அதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"மச்சான், நோர்வேயிலை உனக்கு விசாப் பிரச்சினை ஏதும் வந்திட்டுதோ? எங்களுக்கு உண்மையைச் சொல்லு. பாத்துச் செய்யலாம்."

உண்மையே அதுதான் என்று நம்பவைக்க அவர்கள் வீடிருக்கும் மோர்னிங்சைட் வரும்வரை பேசவேண்டியிருந்தது. அவர் நம்பியதாகவும் தெரியவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மற்றதெல்லாம் வழியில் படித்ததுதான். மொஸ்கோவில் ஒரு குளிர்காலம் ரயில் நிலையத்தில் படுத்தேன். பெர்லினில் ஒரு சாப்பாட்டுக்கடையின் பின்பக்கம் கோப்பை கழுவினேன். கடைசியில் நோர்வேயின் வடகோடியில் ஒரு மீன் தொழிற்சாலையில் கத்தி பிடித்து, அங்கேயே தங்கிவிட்டேன். முதலாளியின் பெயர் ஆர்னே. நல்ல மனிதர், வேட்டைப் பைத்தியம். இலையுதிர்காலத்தில் மான் வேட்டைக்குப் போகும்போதெல்லாம் சமைக்க என்னைக் கூட்டிக்கொண்டு போவார். நோர்வேயில் பனிக்கரடியைச் சுட முடியாது, சட்டம் விடாது. கனடாவில் வடதுருவப் பக்கம் வாழும் இனுயிட் மக்களின் ஊர்களுக்குக் கரடி வேட்டையில் ஒரு பங்கு உண்டு. அதில் ஒன்றை அவர்கள் விரும்பினால் வெளியாளுக்குக் கொடுக்கலாம். ஆனால் அந்த ஊர் வேட்டைக்காரர் ஒருவர் வழிகாட்ட வேண்டும், நாய் இழுக்கும் சறுக்குவண்டியில்தான் போகவேண்டும். ஆர்னேக்கு அப்படி ஒன்று கிடைத்திருந்தது.

கூடப் போக எனக்குத்தான் இன்னும் இடம் கிடைக்கவில்லை. வண்டிகள் இரண்டுதான். சாமான் வண்டியில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் இடம். அந்த இடத்துக்குப் பயணத்தை ஒழுங்குசெய்த முகவர் தன்னுடைய சமையல்காரர் ஒருவரை வைத்திருந்தார். ஆர்னே என்னைச் சொன்னார். வழிகாட்டியே பார்த்து முடிவு சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்கள். எனக்குப் போகவேண்டும். வடதுருவக் கடலின் கரையில் நின்று இத்தனை வருஷம் மீன் வெட்டியிருக்கிறேன், அது உறைந்திருக்கும்போது அதன்மேல் ஒரு நாளும் நடந்ததில்லை. மற்றவர்கள் போய்வந்த பயணங்களின் பாத்திரங்களைத்தான் நான் எப்போதும் கழுவியிருக்கிறேன்.

அத்தானின் மனைவி தவமணி அக்கா என் பெரியம்மாவின் மகள். அந்தக் கிழமை சிவராத்திரி வந்ததால் வீட்டில் மச்சமில்லை, மீனும் இறைச்சியும் அடுப்பில் ஏறாது. கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, பொரித்த மிளகாய், குத்தரிசிச் சோறு. நோர்வேயில் கத்தரிக்காய் ஒன்றைத் தனியாகக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து விற்பார்கள் போலிருக்கும். இங்கே அக்கா பையோடு கொட்டி வெட்டினார். நான் மூன்றாம் தரமும் சோறு போட்டுக்கொண்டதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட பிறகுதான், அந்தக் கரடி உனக்கு என்ன செய்தது என்று கேட்டார். இறைச்சி அந்த ஊர்ச் சனத்துக்கும் நாய்களுக்கும் போகும், தோல் மட்டும் முதலாளிக்கு, நான் அடுப்பு மூட்டத்தான் போகிறேன் என்று விளக்கினேன். "அப்ப நீ பாவத்திலை கால்வாசிதான்," என்று அக்கா தீர்ப்புச் சொல்லி இன்னும் கொஞ்சம் பால்கறி விட்டார்.

அடுத்த நாள் காலையில் வழிகாட்டியைச் சந்திக்க நகரத்துக்குப் போகவேண்டும். அத்தான் வேலைக்குப் போய்விட்டார். ரயிலில் தனியாகப் போவேன் என்றேன். உலகம் சுற்றியவன் என்ற திமிர். வந்த ரயிலில் ஏறி, இடம் கிடைத்த சந்தோஷத்தில் கண்ணை மூடினேன். கண்ணைத் திறந்தபோது வெளியே புதிதாகக் கட்டிய வீடுகள் ஒரே அச்சில் வரிசையாக நின்றன. பக்கத்தில் இருந்த சீன மனிதரிடம் இது நகரமா என்று கேட்டேன். விட்பி என்றார். நேர் எதிர்த் திசை. திரும்பி வரும் ரயிலுக்காகக் காத்துநின்ற மேடையில் காற்று காதை அறுத்தது. பரவாயில்லை, குளிருக்குப் பழகுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஹோட்டலுக்கு நான் போய்ச்சேர்ந்தபோது ஆர்னே தனியாக இருந்தார். வழிகாட்டியும் வரவில்லை. கொஞ்சம் கழித்துக் குள்ளமான, தோள் அகன்ற ஒரு மனிதர் சேர்ட்டின் மேல் பொத்தான்களைத் திறந்துவிட்டு, வியர்த்து வழிய வந்தார். அவர்தான் லூக்காசி. வேட்டைக்காரர்களுக்கான ஒரு கண்காட்சிக்கு முகவர் அவரை அழைத்து வந்திருந்தார். புயலில் நட்சத்திரமே இல்லாமல் வீடு திரும்பக்கூடியவர், ரொறொன்ரோவின் நிலத்தடி நடைபாதையில் ஒரே டோனட் கடையைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார். அங்கே காற்றும் இல்லை, நிலத்தில் ஒரு கோடும் இல்லை, ஆள் எப்படித் திசை பிடிப்பது என்று கேட்டார். நான் விட்பி கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எந்தப் பக்கமிருந்து காற்று அடித்தது என்று மட்டும் கேட்டார். வலது காதில் என்றேன். தலையாட்டினார்.

பேச்சு நன்றாகத்தான் போனது. என்ன சமைப்பாய் என்று கேட்டார், கொழுப்பு வேண்டும், நிறையக் கொழுப்பு வேண்டும், இலைகுழை கொண்டுவராதே என்றார். அப்போது ஆர்னே தன் வீட்டு வரவேற்பறைச் சுவரை அளந்துவிட்டு வந்திருப்பதாகவும் கரடியின் தலை எந்த ஜன்னல் பக்கம் இருக்கும் என்பதுகூடத் தீர்மானமாகிவிட்டது என்றும் சொன்னார். லூக்காசி எழுந்துபோய் ஜன்னலைத் திறந்து பனிக்காற்றில் முகத்தை நீட்டிக்கொண்டு நின்றார். செவ்வாய்க்கிழமை விமானநிலையத்தில் லூக்காசி சாமான்களைப் பார்த்துவிட்டு யார் வருவது என்று சொல்வார் என்று, இடையில் வந்து சேர்ந்த முகவர் கூட்டத்தை முடித்தார்.

எனக்கு ஒரு பெரிய பையில் உடுப்புத் தந்தார்கள். கரிபு மான் தோலில் தைத்த மேலங்கி, காற்சட்டை, கையுறை. சீல் என்ற கடல்விலங்கின் தோலில் அடி வைத்த சப்பாத்து. லூக்காசியின் மனைவி தைத்தவை. குளிரில் வை, சூடான வீட்டுக்குள் கொண்டுபோகாதே என்று லூக்காசி இரண்டு தரம் சொன்னார். அந்த மயிர் சூட்டில் கொட்டிவிடும், தோல் காய்ந்து பலகையாகிவிடும். நான் பையை அக்கா வீட்டு பல்கனியில் வைத்தேன். சிவராத்திரி நேரத்தில் செத்த மிருகத்தின் தோல் வாசலில் கிடப்பதா என்று அக்கா முகத்தைச் சுளித்தார். அத்தான் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல், "சிவபெருமான் என்ன பருத்தி வேட்டியே கட்டியிருக்கிறார்?" என்றார். பை பல்கனியில் தங்கியது.

இறைச்சி சமைக்க அந்த வீட்டில் வழியில்லை. அக்காவின் சிநேகிதி பரமேஸ்வரி அன்ரி மார்க்கம் என்ற பக்கத்து ஊரில் மகனோடு இருந்தார். மட்டக்களப்புக்காரர். வீட்டுக்குள் கறி மணக்கக்கூடாது என்று கார் நிறுத்தும் கொட்டகையில் ஒரு காஸ் அடுப்பு வைத்திருந்தார். காரைப் பனியில் விட்டுவிட்டுக் கார்க் கொட்டகையில் ஆட்டிறைச்சி வேகவைக்கும் ஊரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. ஞாயிறு முழுவதும் அங்கே நின்று, நெய் மிதக்க மிதக்க இறைச்சியைப் பிரட்டினேன். அதைத் தட்டுகளில் பரப்பிப் பின்வளவுப் பனியில் புதைத்தேன். கல்லானதும் சுத்தியலால் உடைத்துத் துண்டுதுண்டாகப் பைகளில் போட்டேன். பனியில் முகாம் போட்டால் உறைந்த பெரிய கட்டியை வெட்ட யாருக்கும் கை இருக்காது. ஒரு துண்டை எடுத்துச் சட்டியில் போட்டால் சாப்பாடு. தேங்காய்ப்பூ ரொட்டியையும் சுட்டு அப்படியே உறையவைத்து உடைத்தோம். டொக்டர் தன்னை நெய்யைத் தொடக்கூடாது என்று சொல்லியிருப்பதாகவும், நெய் ஊற்று ஊற்று என்று கேட்கும் மனிதரைத் தான் ஒருமுறை பார்க்கவேண்டும் என்றும் அன்ரி சொன்னார். வாயில் வெற்றிலை எப்போதும் இருந்தது. பேசும்போது அது ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குப் போகும்.

எல்லாம் ஆயத்தம் என்று திங்கட்கிழமை காலையில் நினைத்தேன். அக்கா நாட்காட்டியோடு வந்தார்.

"தம்பி, நாளைக்குச் செவ்வாய். செவ்வாயும் புதனும் வடக்கை சூலம். ஆரும் வடக்கை வெளிக்கிடுவினமோ?"

"உவன் போறது வடக்கு முடியிற இடத்துக்கு," என்றார் அத்தான்.

"அதுக்குத்தான் சொல்லுறன்."

வாரத்தின் சில நாட்களில் சில திசைகளுக்குப் பயணம் தொடங்கக்கூடாது. அதைத்தான் சூலம் என்பது. தவிர்க்க முடியாவிட்டால் ஒரு வழி இருக்கிறது. போகிறவருடைய சாமானில் ஒன்றை முதல்நாளே நல்ல நேரத்தில், போகும் திசையில் உள்ள வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. போகிறவரே கொண்டுபோனால் திரும்பி வரக்கூடாது, ஆகவே வேறு யாராவது கொண்டுபோக வேண்டும். மார்க்கம் எங்களுக்கு நேர் வடக்கு. உடுத்தும் பொருள்தான் விசேஷம் என்று அக்கா சொன்னார். எனக்கு இதில் நம்பிக்கையும் இல்லை, எதிர்க்கும் துணிவும் இல்லை. அத்தானிடம் பையைக் கொடுத்து, குளிரில் வைக்கச் சொல்லுங்கோ என்றேன். அத்தான் அதைச் சொன்னாராம். ஆனால் அக்கா அதற்கு முன்பே தொலைபேசியில், வெளியே வைத்தால் வீட்டுக்குள் போனதாகாது, சாமியறையில் விளக்கேற்றி வையுங்கோ என்று அன்ரியிடம் சொல்லிவிட்டார். அன்ரியின் சாமியறை நிலவறையில், வீட்டைச் சூடாக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில்.

செவ்வாய் காலை விமானநிலையத்துக்குப் போகும் வழியில் பையை எடுக்க இறங்கினோம். அன்ரி விளக்குமாறோடு நின்றார். அவருடைய காலடியில் ஒரு ஆட்டுக்குட்டியை மழித்த அளவுக்கு மயிர்.

"நான் என்ன கண்டன் மனே," என்றார். "பையெல்லாம் பனி பட்டுக் கிடந்திச்சு. நனைஞ்ச உடுப்போட ஒரு புள்ளய அனுப்பலாமா எண்டு கொடியில காயப்போட்டன்."

மேலங்கியின் முதுகில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மயிரில்லை. அது பெரிதில்லை. சப்பாத்தின் அடியைத் தட்டினேன், பலகை மாதிரிச் சத்தம் கேட்டது. அத்தான் தலையைச் சொறிந்தார். அன்ரியின் கண் கலங்கியது. நான் எல்லாவற்றையும் பையில் அடைத்தேன். யாரும் கெட்ட நோக்கத்தில் செய்யவில்லை. நாலுவழிச் சாலையில் கார்கள் ஊர்ந்தன. ரேடியோவில் யாரோ எந்தெந்தத் தெரு பனியில் அடைபட்டிருக்கிறது என்று வாசித்துக்கொண்டே வந்தார். சாமான் வண்டியில் எனக்கான இடம் இந்தக் காருக்குள்ளேயே போய்விட்டது என்று நினைத்தேன்.

விமானநிலைய மண்டபத்தில் முகவர், ஆர்னே, லூக்காசி, அந்த மற்றச் சமையல்காரர் எல்லோரும் நின்றார்கள். வடக்கே புயல், விமானம் இன்று இல்லை என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தது. முகவர் என் பையைத் திறந்தார். ஒரு கைப்பிடி மயிர் அவருடைய கோட்டில் ஒட்டியது. அவர் பையை மூடிவிட்டு ஆர்னேயைப் பார்த்து, இனிப் பேச என்ன இருக்கிறது என்பதுபோலக் கையை விரித்தார்.

லூக்காசி என்னிடம், என்ன நடந்தது என்று கேட்டார். என் ஆங்கிலம் மீன் தொழிற்சாலை ஆங்கிலம். அதிலேயே சூலத்தையும் மார்க்கத்தையும் விளக்கையும் சொன்னேன். ஆர்னேயின் காது சிவந்துபோனது. லூக்காசி முழுவதையும் கேட்டுவிட்டுப் பலகையைப் பார்த்தார்.

"இன்றைக்கு வடக்கே போகக்கூடாது என்று உன் அக்கா நேற்றே சொன்னாரா?"

"ஓம்."

"நாளைக்கு?"

"நாளைக்கும் கூடாது. வியாழன் நல்லம்."

அவர் முதல்தடவையாகச் சிரித்தார். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். வியாழனுக்கு இடம் போடு என்று முகவரிடம் சொன்னார். பிறகு என் சப்பாத்தில் ஒன்றை எடுத்து, மண்டபத்தில் அத்தனை பேருக்கும் நடுவில் நின்று, அதன் அடியின் ஓரத்தைக் கடித்துப் பார்த்தார். செத்துப்போகவில்லை, ஆனால் வேலை இருக்கிறது என்றார். சூடில்லாத ஒரு இடம் வேண்டும்.

சூடில்லாத இடம் என்றால் அன்ரியின் கார்க் கொட்டகைதான். அன்று பின்னேரமே அவரை அங்கே கூட்டிக்கொண்டு போனோம். ஈரத்துணியால் தோலை இளக வைப்பது, கரண்டிக் காம்பால் தேய்ப்பது, பிறகு அடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல்லால் சப்பி மெதுவாக்குவது, இதுதான் வேலை. அவருடைய ஊரில் பெண்கள் செய்வது. ஒரு சப்பாத்தை அவர் எடுத்தார், மற்றதை என்னிடம் நீட்டினார். நான் அதை வாயில் வைத்தேன். முதலில் ஒரு உப்பு, பிறகு பழைய மீனெண்ணெய், அதற்குப் பிறகு ஒன்றும் தெரியாது, தாடை மட்டும் வலிக்கும். அக்கா அந்த நேரம் பார்த்து வந்து வாசலில் நின்றார்.

"சிவராத்திரிக் கிழமை. தோலைச் சப்புறாய்."

"வாயிலைதானே அக்கா. விழுங்கேல்லை."

அன்ரி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, என் கையிலிருந்து சப்பாத்தை வாங்கினார். "தள்ளு மனே. குமரியா இருந்த நாள்ல இருந்து வெத்தில போடுற வாய் இது. நீ சப்புறது காணாது." கதிரையைப் போட்டு உட்கார்ந்து, குதிக்கால் பக்கத்திலிருந்து தொடங்கினார். லூக்காசி தன்னுடையதை மடியில் வைத்துவிட்டு அவரையே பார்த்தார். பிறகு அந்தச் சப்பாத்தையும் அன்ரியின் பக்கத்தில் வைத்தார்.

புதன்கிழமையும் விமானம் இல்லை. அக்கா அதை யாரிடமும் சொல்லிக்காட்டவில்லை. ஆனால் அன்று அவர் கொட்டகைக்குக் கொண்டுவந்த தோசைக்கு மூன்று வகைச் சம்பல் இருந்தது. லூக்காசி ஆட்டிறைச்சித் துண்டு ஒன்றை உறைந்தபடியே எடுத்துக் கடித்தார். சூடாக்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம், இப்படித்தான் நல்லாயிருக்கிறது என்றார். உறைப்பில் மூக்கு ஓடியது. நாய்களுக்கு இதைக் கொடுத்துவிடாதே, அதன் பிறகு என் பேச்சைக் கேட்காது என்றார்.

தோலைத் தேய்த்துக்கொண்டே, நான் கேட்காமலே அவர் சொன்னார். அவர்கள் ஊரில் வேட்டைக்கு முன் அந்த மிருகத்தைப் பற்றிப் பெரிதாகப் பேசமாட்டார்களாம். அது கேட்கும். கேட்டால் வராது, அல்லது வேறு விதமாக வரும். நான் இதை அன்ரிக்குத் தமிழில் சொன்னேன். வாயில் சப்பாத்து இருந்ததால் அவர் முதலில் தலையாட்டினார். பிறகு எடுத்துவிட்டு, "அது சரிதானே. எங்கட பக்கம் காட்டுக்குள்ள போனா யானை எண்டு வாயால சொல்லமாட்டம்," என்றார். நான் அதை லூக்காசிக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். எவ்வளவு பெரிய யானை, எத்தனை பேருக்குச் சாப்பாடாகும் என்று அவர் கேட்டார். சாப்பிடுவதில்லை, கும்பிடுவோம் என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை, ஆனால் மரியாதையாக விட்டுவிட்டார்.

அந்த நேரம் முகவரும் ஆர்னேயும் வந்தார்கள். மற்றச் சமையல்காரரிடம் கடையில் வாங்கிய புத்தம்புதுக் குளிர் உடுப்பு இருக்கிறது, நாளைக்கு ஏற்றிவிடலாம் என்று முகவர் தொடங்கினார். லூக்காசி தலையை நிமிர்த்தவில்லை.

"அந்த மனிதரை எனக்குத் தெரியாது," என்றார். "இவன் என் மனைவி தைத்த சப்பாத்தைச் சப்பியிருக்கிறான்."

அவ்வளவுதான். முகவர் தோசை ஒன்று சாப்பிட்டுவிட்டுப் போனார். ஆர்னே அரிசி மூட்டையில் உட்கார்ந்தார். லூக்காசி யானைக் கதையையும் மற்றதையும் அவருக்கு அமைதியாகச் சொன்னார். ஆர்னே அளவுநாடாவில் சுவரை அளந்ததை நினைத்திருக்க வேண்டும். கையைத் தொடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பிந்தி வந்த பிள்ளைபோலக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, தான் ஏதாவது தேய்க்கலாமா என்று கேட்டார். கையுறைகளைக் கொடுத்தோம்.

வியாழக்கிழமை வானம் கழுவிவிட்டது போலிருந்தது. அக்கா திருநீறு பூசினார். அன்ரி கையில் ஒரு பை தந்தார். திறந்து பார்த்தால் பயற்றம் உருண்டை, நெய்யில் பிடித்தது. அத்தான் என் கையைக் குலுக்கி, "அப்ப உண்மையாத்தான் கரடிக்குப் போறாய்," என்றார். ஒரு கிழமை முழுவதும் அவர் அதை யோசித்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

அந்த ஊரின் பெயரை எனக்கு இன்றும் சரியாகச் சொல்ல வராது. சின்ன விமானத்தின் கதவைத் திறந்ததும் குளிர் ஒரு ஆளைப்போல உள்ளே ஏறி வந்தது. அந்தத் தோலுடுப்போடும் சப்பாத்தோடும் படியிறங்கினேன். கால் மெதுவாகப் பதிந்தது, உறைந்த தரையின் ஒவ்வொரு மேடு பள்ளமும் உள்ளங்காலில் தெரிந்தது, ஆனால் குளிர் தெரியவில்லை. ஊரே விமானத்தைப் பார்க்க வந்திருந்தது. லூக்காசியின் மனைவி அவரைப் பார்ப்பதற்கு முன் என் முதுகில் மயிர் போன இடத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, லாடம் அடிக்கிறவர் மாட்டின் காலைத் தூக்குவதுபோல என் வலது காலைத் தூக்கி, கையுறையைக் கழற்றிப் பெருவிரலால் அடியை அமத்தினார். எவ்வளவு கொப்பளித்தும் அன்ரியின் வெற்றிலை குதிக்காலில் ஒரு சிவப்பு வளையத்தை விட்டிருந்தது. அதை நகத்தால் சுரண்டினார், முகர்ந்தார், கணவரிடம் ஏதோ கேட்டார்.

"இது யாருடைய பல் என்று கேட்கிறாள்," என்றார் லூக்காசி. "வேலை தெரிந்த பல்லாம். அவவை ஏன் கூட்டிக்கொண்டு வரவில்லை என்கிறாள்."

நான் பரமேஸ்வரி அன்ரியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். லூக்காசி மொழிபெயர்த்தார், மனைவி இடைநிறுத்தி இடைநிறுத்திக் கேள்வி கேட்டார், கூடி நின்றவர்கள் கிட்ட வந்தார்கள். கதை முடியும்வரை அவர் என் காலை விடவில்லை. வடதுருவப் பிரதேசத்தில் என்னுடைய முதல் நிமிடங்கள் முழுவதும், ஆர்னேயின் தோளைப் பிடித்தபடி, ஒற்றைக்காலில் நின்றேன்.